மீன்குழம்பை ஃப்ரீசரில் வைக்கலாமான்னு கேட்டிருந்தேனே, அதுக்கு ஒரு புதுப்பிப்பு

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல வீடு, ரெண்டு பேருக்கும் வேலை. ஞாயித்துக்கிழமையே குழம்பு வெச்சு உறைய வெக்கலாமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நல்லாவே நடக்குது.

மீனைப் போடாம புளிமசாலாவை மட்டும் உறைய வைங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்க, அதுதான் கைகொடுத்தது. சின்ன வெங்காயம், தக்காளி, மசாலாப்பொடியை நல்லெண்ணெயில வதக்கி, புளி கரைச்சு ஊத்தி, எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல செக்கச்செவேல்னு நிக்கிற வரைக்கும் சுண்ட விடுறேன். ஆறினதும் ஒரு வேளைக்கு ஒரு டப்பா. மேல ஒரு விரல் இடம் விடணும், உறையும்போது உப்பும். சாயங்காலம் தண்ணி விட்டுக் கொதிச்சதும் நகரை மீனோ பாறை மீனோ போட்டா, மீன் வேகுற நேரம்தான் வேலை.

தேங்காய்ப்பாலை அன்னைக்கே ஊத்துங்க, உறைஞ்சா திரிஞ்சுடும். உருளைக்கிழங்கும் வேண்டாம், மாவா போயிடும். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம், மீன் கம்மியாத்தான் கிடைக்கும். அதுக்குன்னு முன்கூட்டியே சாளை மீனை வாங்கி ஃப்ரீசர்ல அடைக்காதீங்க. கொழுப்பு மீன், சீக்கிரம் காறல் வாடை வந்துடும்.

கரண்ட் போனா என்ன பண்றதுன்னு கேட்டவங்களுக்கு: ஃப்ரீசரைத் திறக்கவே திறக்காதீங்க. நிறைஞ்சிருந்தா குளிர் அதிக நேரம் நிக்கும்.