இந்த ஆண்டு பரிசுப் பரிமாற்றம்: கையால் செய்தது மட்டும்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையர் அனைவருக்கும் வணக்கம்.

பிரிட்டனில் இருக்கிற நம் ஊர்க்காரர்களின் டிசம்பர் 27 கிறிஸ்மஸ் ஒன்றுகூடலைப் பற்றிச் செயலாளர் தம்பி அனுப்பிய மடல் எல்லோருக்கும் வந்திருக்கும். அதில் பரிசுப் பரிமாற்றம் என்று ஒரு வரி இருக்கிறது. தலைக்கு இருபது பவுண்டு என்று அளவும் போட்டிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

நம் தங்கச்சி ஒருத்தி சென்ற வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். பெயர் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன். கணவருக்கு வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகள் மூவர். ஐந்து பேருக்கு நூறு பவுண்டு. அது அவர்கள் வீட்டில் இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவு. "அக்கா, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் வரவில்லை" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே கோயில் மணிச் சத்தத்தில் எழுந்து வளர்ந்தவர்கள் நாம். காசுக்குக் கூசி ஒரு வீடு கிறிஸ்மஸுக்கு வராமல் போவதா?

அதனால் கேட்கிறேன். இந்த ஆண்டு பரிசு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அது அவர் வீட்டில், அவர் கையால் செய்ததாக மட்டும் இருக்கட்டும். மண்டப அலங்காரமும் அப்படியே. செயலாளர் தம்பியிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம். துபாய், டொரன்டோ, மெல்போர்ன் பக்கம் தனியாகக் கூடுகிறவர்களும் இதையே செய்தால் மகிழ்வேன். எனக்குத் தெரிந்ததை, செய்து பார்த்ததைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் நட்சத்திரம். நம் ஊரில் கிறிஸ்மஸ் தொடங்குவதே அதில்தான். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு முடிந்ததும் அப்பா சந்தையிலிருந்து ஒரு மூங்கில் கழி வாங்கி வருவார். திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிளந்து, விரலில் சிராய் ஏறாத அளவுக்கு அரிவாளால் சீவி வழுவழுப்பாக்குவார். பத்துக் குச்சி. ஐந்தில் ஒரு நட்சத்திரம், ஐந்தில் இன்னொன்று. கட்டுவதற்குப் பனைநாரைத் தண்ணீரில் ஊறவைத்திருப்பார். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுநுனியை இழுத்து இழுத்துச் சுற்றுவார். ஈர நார் காயும்போது இறுகிக்கொள்ளும். மறுநாள் காலையில் அந்தக் கட்டை நகத்தால் நெம்பக்கூட முடியாது. பிறகு இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுவார். நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சியைச் செருகி விரிப்பார். அதுவரை தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழுந்து நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் மூன்று பேரும் வீட்டுப்பாடத்தை வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

இங்கே மூங்கில் கழிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இறைச்சி சுடுவதற்கு விற்கிற 30 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி போதும். ஒரு கட்டு வாங்கினால் மண்டபம் முழுவதற்கும் நட்சத்திரம் கட்டலாம். கூர் முனையை முதலில் வெட்டிவிடுங்கள், பிள்ளைகள் கையில் குத்தும். ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு முனைகளிலிருந்தும் பதினொன்றரை சென்டிமீட்டரில் பென்சிலால் கோடு போடுங்கள். நடுவில் ஏழு சென்டிமீட்டர் மிஞ்சும். அந்தக் கோடுகளில்தான் குச்சிகள் குறுக்கே சந்திக்க வேண்டும். கோடு போடாமல் கண் அளவில் கட்டினால் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகிவிடும். செருகும் சிறு குச்சிகள் ஏழு எட்டு சென்டிமீட்டர் இருந்தால் சரி. பனைநாருக்குப் பதிலாகப் பருத்தி நூலைப் பசையில் தோய்த்துக் கட்டுங்கள், காய்ந்ததும் கெட்டியாகிவிடும்.

நட்சத்திரத்தின்மேல் ஒட்டுகிற தாளுக்கும் காசு வேண்டாம். காலணிப் பெட்டிக்குள்ளும் புதுச் சட்டைக்குள்ளும் மடித்து வைத்து வருகிற மெல்லிய தாளைச் சேர்த்து வையுங்கள். விளக்கு உள்ளே எரியும்போது அந்தத் தாளில் வெளிச்சம் பால் போலப் பரவும். கேக் சுடும் தட்டில் விரிக்கிற தாளை இதற்கு எடுக்காதீர்கள். அதில் பசை ஒட்டாது. பசை வீட்டிலேயே காய்ச்சலாம்: ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கிளறி, கண்ணாடிபோல் மின்னும்போது இறக்குங்கள். ஊரில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். உள்ளே பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்குச் சரத்தை வையுங்கள். மெழுகுவத்தி எக்காரணம் கொண்டும் கூடாது.

அடுத்து குடில், இயேசு பிறந்த தொழுவத்தின் மாதிரி. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிற குடிலின் விலையைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான் வைத்தார். நம் வீட்டில் சிமெண்டுச் சாக்குத் தாளைக் கசக்கி, கரியும் காவியும் தடவிப் பாறை செய்தோம். இங்கே காய்கறி வாங்கி வருகிற பழுப்புத் தாள் பையைக் கசக்கி, ஆறிய காப்பித் தண்ணீரைத் தெளித்துக் காயவிடுங்கள். மடிப்புகளில் காப்பி தேங்கி, நிழல் விழுந்த பாறைபோலவே இருக்கும். உடைந்த முகக்கண்ணாடித் துண்டு குளம். ஓரத்தைத் தாளால் மறைத்துவிடுங்கள், கை கிழிக்கும்.

குடிலில் எனக்கு மிகவும் பிடித்தது பயிர். ஓட்டில் தேரிச் செம்மணலைப் பரப்பி அம்மா கேழ்வரகு விதைப்பார்கள். செம்மண்ணில் பச்சை எழும்பும்போது அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளிர் நாட்டில் கேழ்வரகு சரியாக வருவதில்லை, கோதுமை வரும். இரவு முழுவதும் ஊறவைத்து, தட்டில் ஈர மண்ணின்மேல் நெருக்கமாகப் பரப்பி, இரண்டு நாள் துணி மூடி வையுங்கள். முளை வெள்ளையாகத் தலைகாட்டியதும் சன்னலோரம் மாற்றிவிடுங்கள். எந்த நாளில் விதைக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஓர் ஆண்டு நான் டிசம்பர் ஒன்றாம் தேதியே விதைத்துவிட்டேன். 24ஆம் தேதி பார்த்தால் எல்லாம் வெளிறிச் சாய்ந்து கிடந்தன. வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுகிறவர்கள் டிசம்பர் 13, 14 தேதிகளில் விதையுங்கள். 24 இரவு பாலன் இயேசுவின் சுரூபத்தை வைக்கும்போது விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும். துபாய், பஹ்ரைன் பக்கம் இருப்பவர்களுக்குக் கேழ்வரகே நன்றாக முளைக்கும்.

மரம் வாங்க வேண்டாம். நம் வீடுகளில் சவுக்குக் கிளையை மண்பானையில் நட்டு, இலவம் பஞ்சைப் பிய்த்து ஒட்டினோம். இங்கே மரம் விற்கிற இடங்களில் அடிக்கிளைகளை வெட்டி ஓரமாகக் குவித்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். கம்பியை வளைத்து அதில் கட்டினால் வாசல் வளையம் ஆயிற்று.

இனி பரிசு. என்னைக் கேட்டால் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு மிஞ்சியது இல்லை. பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பு தேடுகிற மருமக்களுக்காகச் சொல்கிறேன்: அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. கொடிமுந்திரி என்பது திராட்சை. அந்தக் கொத்துப்போல மூன்று மூன்றாக ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். அரைக் கிலோ பாசிப்பயறை வாசம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகத் திரியுங்கள். ஒரு மூடித் தேங்காயைத் துருவி ஈரம் துளியும் இல்லாமல் சிவக்க வறுங்கள். கெடாமல் இருப்பதும் கெடுவதும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடி எள், எட்டு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு. அரைக் கிலோ கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, சூட்டோடு மாவில் ஊற்றிக் கிளறி, நெல்லிக்காய் அளவு உருட்டி ஓர் இரவு ஆறவிடுங்கள். மறுநாள் இரண்டு பங்கு பச்சரிசி மாவும் ஒரு பங்கு மைதாவும் மஞ்சளும் உப்பும் கலந்து பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து, மூன்று மூன்றாகத் தோய்த்துப் பொரியுங்கள். மாவு நீர்த்திருந்தால் உருண்டை எண்ணெயில் வாய் பிளந்து, கருப்பட்டி வெளியே வந்து கரிந்துவிடும். அறுபது உருண்டை, இருபது கொத்து வரும். ஐந்தைந்தாகக் கட்டினால் நான்கு வீட்டுக்குப் பரிசு.

கருப்பட்டி நம் உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தால் அதன் மணமே வேறு. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இந்த ஊர்க் கடைகளில் அதன் விலை கட்டாது என்றால் வெல்லம் போடுங்கள், குறையொன்றும் இல்லை. அச்சுமுறுக்கு செய்கிறவர்கள் கையில் கொண்டுவந்து கொடுங்கள். தபாலில் போட்டால் தூளாகத்தான் போய்ச் சேரும்.

பொதிவதற்கு மினுக்குத் தாள் வாங்காதீர்கள். பெட்டியின் அடியில் கிடக்கிற பழைய பருத்திச் சேலையை எடுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம், அகலத்தில் இரண்டு துண்டு விழும். 55 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் இருபது துண்டு வரும். ஓரத்தை மடித்துத் தையுங்கள். நடுவில் பெட்டியை வைத்து எதிரெதிர் முனைகளை முடிந்தால், நம் ஆச்சிமார் சந்தைக்குக் கட்டிப் போன பொட்டணம்போலவே இருக்கும். வாங்குகிறவர் அந்தத் துணியைப் பிறகு அடுக்களையில் வைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்றை இப்படி வெட்டினேன். கத்தரியை வைக்கும்போது கை நடுங்கியது. இன்று அது இருபது வீடுகளில் இருக்கிறது. போன மாதம் ஓர் அக்கா வீட்டுக்குப் போனபோது, ரொட்டிக் கூடையில் விரித்திருந்த துணியில் அந்த அரக்குச் சிவப்பையும் வெள்ளைப் புள்ளிகளையும் பார்த்தேன். சொல்லாமல் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

சமையல் வராது, தையலும் வராது என்கிற தம்பிமார்களுக்கு: பழுப்புத் தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, இரண்டாக மடித்து, ஓலைப்பெட்டி முடைவதுபோல முடையுங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் முடைந்தவர்கள்தாம். விரல்கள் மறந்திருக்காது. அதற்குள் ஒரு பாட்டில் இட்லிப்பொடி வைத்தால் பரிசு முடிந்தது.

தபாலில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வைக்கோல், விதை, ஓலை எதையும் வைத்து அனுப்பாதீர்கள். அங்கே பயிர்நோய்க் கட்டுப்பாடு மிகவும் கடுமை; பெட்டியையே நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்குக் காகித நட்சத்திரத்தை விரிக்காமல், தட்டையாகவே அனுப்பி, சிறு குச்சிகளைத் தனியாக ஒரு உறையில் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் அவர்கள் பிள்ளைகளே செருகி விரித்துக்கொள்ளட்டும்.

ஊரில் இருக்கிற பெரியவர்களுக்கு இங்கிருந்து பொருள் எதுவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். பேரப்பிள்ளைகள் வரைந்த வாழ்த்து அட்டையும், பெரிய எழுத்தில் தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் போதும். நவம்பர் முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். காசு செலவழிக்க முடிகிறவர்கள், ஊருக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி, மணப்பாட்டில் பெண்கள் முடைகிற பனையோலைப் பெட்டிகளை வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் நம் பக்கத்துப் பெண்கள் கையிலேயே போய்ச் சேரும். ஆனால் அதைப் பரிமாற்றத்துக்குக் கொண்டுவர வேண்டாம், உங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரிமாற்றத்துக்குக் கையால் செய்தது மட்டும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணியிலிருந்து, பர்மிங்ஹாமில் என் வீட்டில் நட்சத்திரம் கட்டுகிறோம். குச்சி, நூல், தாள் எல்லாம் இருக்கிறது. பசை நான் காய்ச்சி வைக்கிறேன். ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல் மட்டும் கொண்டுவாருங்கள். தொலைபேசியில் பேசிய தங்கச்சி மூன்று பிள்ளைகளோடும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பாதான் நம் கோயில் கொடிமரத்து உச்சியில் தொங்கும் பெரிய நட்சத்திரத்தை ஆண்டுதோறும் கட்டியவர். அளவு தவறினால் அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
மேலத்தெரு கிணற்றடி வீட்டு மூத்த மகள்
பர்மிங்ஹாம்