ஆம்னி எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினுக்குக் கார்புரேட்டர் போடலாமா? (கடலூர்)

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):
2007 மாடல் ஆம்னி கார்கோ, எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை). துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றும் வண்டி. நன்றாகச் சூடானதும் சட்டென்று நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. செக் லேம்ப் விட்டுவிட்டு எரிகிறது. பெட்ரோல் பம்ப், பிளக், ஃபில்டர் புதிது. ஈ.சி.எம். (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, பழைய ஆம்னியின் கார்புரேட்டரையும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கருவி), மேனிஃபோல்டையும் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அந்த இரண்டும் போதுமா?

வயரிங் வேலை (முத்தியால்பேட்டை):
போதாது. எம்.பி.எஃப்.ஐ.யில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, ஏற்றி இறக்குவது ஈ.சி.எம்.தான். அதை எடுத்துவிட்டால், அந்த நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ள உள்ளே வெயிட்டும் பக்கத்தில் வேக்குவம் அட்வான்ஸும் உள்ள கார்புரேட்டர் எஞ்சின் டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) வேண்டும், கூடவே பொறிக்கு மின்சாரம் தரும் அதன் காயில். அது உங்கள் ஹெட்டில் உட்காருமா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

அதற்கு முன், ஈ.சி.எம். போனதை யார் அளந்து பார்த்தது? வண்டி நின்ற அந்த நிமிடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். சாவி போட்டதும் டேங்க் பக்கம் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகுகிறதா? செல்ப் அடிக்கும்போது பிளக்கில் பொறி வருகிறதா? முனகல் இருந்து, செல்ப் அடிக்கும்போது பொறி மட்டும் இல்லையென்றால் காயில், எஞ்சின் சுற்றுவதை ஈ.சி.எம்.முக்குச் சொல்லும் சென்சார் இரண்டையும் சந்தேகியுங்கள். அந்த சிக்னல் வராவிட்டால் ஈ.சி.எம். பொறியையும் கொடுக்காது, பம்பையும் தொடர்ந்து ஓட்டாது. சூட்டில் அறுந்து ஆறியதும் ஒட்டிக்கொள்வது அந்த சென்சாருக்கு வழக்கமான நோய். சாவி போட்டதும் முனகலே இல்லையென்றால் மெயின் ரிலேவிலிருந்து தொடங்குங்கள்.

மீன் வண்டி என்பதால் எர்த்தை (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் எஞ்சினோடும் சேர்க்கும் வயர்) கட்டாயம் பாருங்கள். ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் முனைகளைத் தின்றுவிடும். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். பிறகு ஈ.சி.எம். எர்த் வயரிலும். 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் கழற்றி அளக்கலாம்: 20 டிகிரியில் சுமார் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம்.

கார்புரேட்டர் டியூனிங் (வில்லியனூர்):
மாற்றித்தான் ஆவேன் என்றால் பெட்ரோல் லைனில் கவனம் வையுங்கள். டேங்க் உள்ளே இருக்கும் பம்ப் 2.5, 3 பார் தள்ளும். கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் தாராளம். பழைய பம்பையே விட்டால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசியைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் வழியும். ஆம்னியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வழிந்தால் தீதான். பம்பை வெறுமனே கரண்ட் எடுத்து விடவும் கூடாது, அதன் வால்வு வழியை அடைக்கும். கழற்றிவிட்டு வலையோடு உறிஞ்சு குழாய் போடுங்கள். ஹெட்டில் மெக்கானிக்கல் பம்புக்கு இடம் இருந்தால் அது. இல்லையென்றால் லோ பிரஷர் எலக்ட்ரிக் பம்ப், எஞ்சின் நின்றால் தானே நிற்கும் ரிலேவோடு. மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனை அடைக்காதீர்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைன் பூட்டிக்கொள்ளும்.

கார்புரேட்டரில் உள்ள சோலினாய்டுக்கு (மின்சாரத்தில் திறக்கும் பெட்ரோல் வால்வு) இக்னிஷனிலிருந்து 12 வோல்ட் தர மறந்தால், ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) எஞ்சின் ஓடாமல் அணைந்துவிடும். சோக் கேபிளும் இழுக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-2.

இப்போது பங்கில் கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). சுத்த பெட்ரோலுக்கு 14.7 மடங்கு காற்று போதுமென்றால் இதற்கு 13.5 பக்கம். அதாவது எரிபொருள் 8, 9 சதவீதம் கூடுதலாக இறங்க வேண்டும். ஈ.சி.எம். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் இறங்கும் மெயின் ஜெட்டின் துளை 1.00 மி.மீ. என்றால் 1.04 பக்கம் வேண்டும். கையால் துளைக்காதீர்கள், நம்பர் போட்ட ஜெட்டே வாங்குங்கள். பம்ப் டயஃப்ரம், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். பழைய ரப்பர் ஊதி, வெடிப்பு விடும்.

பொல்யூஷன் சோதனை (கடலூர்):
இதையும் கணக்கில் வையுங்கள். 2007 வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். பாரத் ஸ்டேஜ்-2 மாசு விதிக்கு முந்தைய வண்டிகளுக்குத்தான் 3 சதவீதம். வண்டி எந்த விதிப்படி தயாரானது என்பதை வைத்துத்தான் வரம்பு, கார்புரேட்டர் மாட்டினாலும் மாறாது. பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை 0.5 சதவீதம் வரும்வரை இறுக்கினால் ஐடில் தடுமாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. எஃப்.சி.யில் (வண்டியின் தகுதிச் சான்று சோதனை) மாட்டினால் ஏற்றுமதி சீசனில் வண்டி நின்றுவிடும்.

கெடிலக்கரை:
அளந்தேன் அண்ணா. பிளாக் 0.7 வோல்ட், ஈ.சி.எம். எர்த் 0.6. நின்றபோது பம்ப் முனகியது, பொறி இல்லை.

வயரிங் வேலை:
0.7 ரொம்ப அதிகம். பேட்டரியிலிருந்து பாடிக்கும் பிளாக்குக்கும் தனித்தனியாகப் புது கேபிள், 16 சதுர மி.மீ. தாமிரம், போடுங்கள். போல்ட் அமரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். முதலில் பூசினால் தொடுப்பு கெடும். ஈ.சி.எம். எர்த்தை அதே இடத்தில் சேர்த்துவிட்டு மறுபடி அளந்து எழுதுங்கள் தம்பி. 0.1க்குள் வந்தும் சூட்டில் நின்றால் அடுத்து சென்சார், காயில். அதுவரை அந்த மேனிஃபோல்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.