மீ சியாமும் ஒவ்வாமையும்: உங்கள் அனுபவம் என்ன?

தெம்பனிஸ் அக்கா:
என் மகளுக்கு இறால் ஆகாது. வாயில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கிவிடும். போன வாரம் உணவங்காடியில் மீ சியாம் (புளிப்பும் காரமுமான அரிசிச் சேமியா, அதாவது மீ ஹூன்) வேண்டும் என்றாள். மேலே பாதி முட்டை, தவ் போக் (பொரித்த தோஃபு), குச்சாய் (பூண்டு வாசனையுள்ள கீரைத்தாள்). கண்ணுக்கு ஓர் இறால்கூட இல்லை. "மக்சிக், அடா உடாங்?" என்று கடைக்கார அம்மாவிடம் இறால் இருக்கிறதா எனக் கேட்டேன். "தக் அடா", இல்லை என்றார். பொய்யில்லை, முழு இறால் போடுவதில்லைதான். "ரெம்பாவில் உடாங் கெரிங்?" என்று, அரைத்த மசாலாவில் உலர்ந்த இறால் உண்டா என்று, அடுத்துக் கேட்டதும் சிரித்துவிட்டார், அது இல்லாமல் மீ சியாமா என்று. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயத்தோடு உலர்ந்த இறாலையும் அரைத்து, எண்ணெய் பிரிகிற வரை வதக்குவதில்தான் அந்த மணமே இருக்கிறது. பல பேர் பெலாச்சானும் (புளிக்க வைத்த இறால் விழுது) சேர்ப்பார்கள். 'வெந்தால் போய்விடும்' என்பது என் மாமியார் வைத்தியம். இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியமான புரதம் கொதித்தாலும் அழியாது. அன்றைக்கு அவளுக்குத் தோசைதான்.

ஜொகூர்வாசி:
எங்கள் பக்கம் மீ சியாம் பெரும்பாலும் குழம்பில்லாமல் பிரட்டியதுதான். எனக்கு வேர்க்கடலை எதிரி. சிங்கப்பூரில் சில கடைகளில் குழம்பில் கடலையை அரைத்து விடுகிறார்கள், சில கடைகளில் இல்லை. புளியும் மிளகாயும் கலந்த அந்த நிறத்தில் ஒன்றும் தெரியாது. ஆர்டர் சொல்வதற்கு முன்பே 'காச்சாங் அடா?', கடலை இருக்கிறதா என்று கேட்டுவிடுவேன்.

கோதுமை ஆகாதவன்:
அரிசி மீ ஹூன்தானே, தைரியமாகச் சாப்பிடு என்கிறார்கள். குழம்பில் போடும் தவ்ச்சோவை, அந்தப் புளித்த சோயா விழுதை, யாரும் நினைப்பதில்லை! சோயாவைப் புளிக்க வைக்கும்போது பல தயாரிப்புகளில் கோதுமை மாவும் சேர்கிறது. சிங்கப்பூரில் பொட்டலத்தில் விற்கும் ரெம்பா என்றால் இறால் வகை, வேர்க்கடலை, சோயா, முட்டை, மீன், குளூட்டன் உள்ள தானியம் எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். தட்டில் வருவதற்கு லேபிள் ஏது? வீட்டில் போத்தலைப் படித்துவிட்டு நானே கிண்டுகிறேன்.

தெம்பனிஸ் அக்கா:
ஹம் (சிப்பி வகை) ஆகாதவர்களுக்கு மட்டும் நிம்மதி, மீ சியாமில் ஹம் போட மாட்டார்கள். 2006 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 'மீ சியாம் மாய் ஹம்' (ஹம் வேண்டாம்) என்று சொல்லப்போய் ஊரே சிரித்ததே! ஹம் லக்சாவுக்கு, அந்தத் தேங்காய்ப்பால் நூடுல்ஸுக்கு. அதை எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் லக்சா ரெம்பாவிலும் உலர்ந்த இறால் உண்டு, புவா கெராஸ் என்கிற கொட்டையும் அரைப்பார்கள். கொட்டை ஆகாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.