செயற்கை உயிரியல் மாணவர் அணி: இன்னொரு அணியோடு கூட்டு வேலை, மண்டபம் கரையில் மக்கள் சந்திப்பு – எப்படிச் செய்வது?

நெய்தல்_மாணவி கேட்டது:

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரி அணி ஒன்றுக்காகக் கேட்கிறேன். ஐஜெம் (மாணவர் அணிகளுக்கான உலகளாவிய செயற்கை உயிரியல் போட்டி) போட்டிக்கான எங்கள் திட்டம் இது: பாசியில் உள்ள கூழ் போன்ற பெரிய சர்க்கரைப் பொருளான கப்பா-கராஜீனனை உடைக்கும் கராஜீனேஸ் என்சைமை ஈ.கோலி பாக்டீரியாவில் தயாரித்து, மண்டபம், வேதாளை பக்கம் மிதவையில் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து உதிர்ந்து கரை ஒதுங்கும் கழிவைச் சிறு சர்க்கரைகளாக்குவது. மரபணு சூடோஆல்டெரோமோனாஸ் கராஜீனோவோரா என்ற கடல் பாக்டீரியாவுடையது. பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசையை எடுத்து, செயற்கையாகச் செய்து தரச் சொல்லி வாங்கினோம். டி7 புரமோட்டர் (மரபணுவை இயக்கத் தொடங்கும் பகுதி), கானமைசின் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு உள்ள பிளாஸ்மிடில் (வட்ட டிஎன்ஏ) இருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள். வெளிமாநில அணி ஒன்று இதே குடும்பத்து என்சைமில் வேலை செய்கிறது. கூட்டாகச் செய்யலாம் என்கிறார்கள். இதுவரை ஒரு வீடியோ அழைப்பும் சமூக ஊடகப் பதிவும்தான் நடந்திருக்கின்றன. உருப்படியாக என்ன செய்யலாம்?

அடுத்தது மக்கள் சந்திப்பு. பாசி வளர்க்கும் பெண்களிடம் 200 படிவம் நிரப்பி வாங்குவது, பள்ளிகளில் பச்சையாக ஒளிரும் பாக்டீரியா தட்டுகளைக் காட்டுவது என்று திட்டம். இதில் எதை மாற்ற வேண்டும்?

குடுவை_கணக்கு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கூட்டு வேலையா இல்லையா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: அவர்கள் கொடுத்த முடிவால் உங்கள் அடுத்த சோதனை மாறியதா? மாறவில்லையென்றால் அது வெறும் அறிமுகம்தான். உங்கள் இரு அணிக்கும் இயல்பாகப் பொருந்துவது, ஒரே என்சைமை இரண்டு ஆய்வகத்தில் ஒரே முறைப்படி அளந்து பார்ப்பது. ஐஜெமிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2014 முதல் சில ஆண்டுகள் நடந்த இன்டர்லேப் ஆய்வில் உலகமெங்கும் உள்ள அணிகள் ஒரே பிளாஸ்மிடுகளின் பச்சை ஒளிர்வை அளந்தன. எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் தாறுமாறாக வந்ததற்குப் பெரிய காரணம், பிளேட் ரீடர் (குழித் தட்டில் ஒளியை அளக்கும் கருவி) தருவது அந்தக் கருவிக்கு மட்டுமே உரிய அலகு. அதனால்தான் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தை வைத்து அளவுகோல் வரையும் முறை வந்தது: 10 மைக்ரோமோலாரில் தொடங்கிப் பாதி பாதியாக 11 நீர்த்தல்கள், 12-வது குழியில் வெறும் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்), குழிக்கு 100 மைக்ரோலிட்டர், நான்கு வரிசை. அளவுகோலுக்கு வைத்த கெயின் (கருவியின் உணர்திறன்) அமைப்பையே மாதிரிக்கும் வைக்க வேண்டும். இடையில் மாற்றினால் அளவுகோல் பயனில்லை.

உங்களுக்கு ஒளிர்வு தேவையில்லை, டிஎன்எஸ் சோதனை (உருவான சர்க்கரையை நிற மாற்றத்தால் அளப்பது) போதும். பாடம் அதேதான்: இருவரும் ஒரே காலக்டோஸ் அளவுகோலை வரைந்து, 540 நானோமீட்டரில் படித்து, முடிவை மைக்ரோமோல் சர்க்கரையாக எழுதுங்கள். வெறும் ஓடி (ஒளி உறிஞ்சல்) எண்ணைப் பரிமாறிக்கொள்வதில் அர்த்தமில்லை. அடிப்பொருள் 0.2 சதவீதக் கப்பா-கராஜீனன். 70–80 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்கிக் கரையுங்கள். கவனம், பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) சோடியம் பாஸ்பேட்டாக இருக்கட்டும். அலமாரியில் இருக்கிறதே என்று பொட்டாசியம் பாஸ்பேட்டை எடுத்தால், பொட்டாசியம் அயனி கப்பா-கராஜீனனை உறைய வைக்கும். பிப்பெட்டில் ஏறாது, ஏறினாலும் அளவு தவறும். ஓர் அணி சோடியமும் மற்றது பொட்டாசியமும் பயன்படுத்திவிட்டு "உங்கள் என்சைம் வேலை செய்யவில்லை" என்று சொல்லிக்கொள்வது இப்படித்தான் நேர்கிறது. ஒவ்வொரு தொகுப்பிலும் கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த என்சைம் ஒரு குழாய், என்சைமே இல்லாத குழாய் ஒன்று கட்டாயம். செல் சாற்றிலேயே சர்க்கரை இருக்கும், அதைக் கழிக்காமல் வரும் எண்ணை நம்பாதீர்கள்.

பிளாஸ்மிடை அனுப்புவது சுலபம். லிட்டருக்கு நூறு மில்லிகிராம் செறிவுக்கு மேல் உள்ள கரைசலில் 5 மைக்ரோலிட்டரை வடிதாளில் சொட்டவிட்டு, சுற்றி *பென்சிலால்* வட்டமிட்டுப் பெயர் எழுதி, காயவைத்துத் தபால் உறையில் போடலாம். பேனா மை ஊறி ஓடும். பெறுபவர் வட்டத்தை வெட்டி, 50 மைக்ரோலிட்டர் டிரிஸ் பஃபரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அதில் 2 முதல் 5 மைக்ரோலிட்டரை டிரான்ஸ்ஃபர்மேஷனுக்கு (பிளாஸ்மிடை செல்லுக்குள் ஏற்றுவது) எடுத்தால் போதும். உயிருள்ள செல்களைக் கூரியரில் அனுப்ப வேண்டாம்.

கூடவே ஒரு பக்கக் குறிப்பும் போகட்டும்: எந்த ஆன்டிபயாடிக், என்ன செறிவு, எந்த ஈ.கோலி வகை. டி7 புரமோட்டர் உள்ளதை டிஎச்5 ஆல்ஃபா வகையில் போட்டால் காலனி அழகாக வரும், புரதம் மட்டும் வராது. அந்த வகையில் டி7 புரமோட்டரைப் படிக்கும் டி7 பாலிமரேஸ் கிடையாது. பிஎல்21 டிஇ3 வகை வேண்டும். ஐபிடிஜி (புரதம் தயாரிக்கத் தூண்டும் பொருள்) அளவு, தூண்டிய பிறகு வைத்த வெப்பநிலை, எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதுங்கள். 37 டிகிரியில் புரதம் உருண்டையாகக் கீழே தங்கிவிட்டால் 18–20 டிகிரியில் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள்.

முடிவு ஒத்துப்போகாவிட்டால் மறைக்காதீர்கள். ஏன் ஒத்துப்போகவில்லை என்று இருவரும் சேர்ந்து தேடியதுதான் விக்கியில் (போட்டிக்கு அணி தயாரிக்கும் இணையதளம்) எழுத வேண்டிய பகுதி. யார் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்ற பதிவும் மூலத் தரவும் இரு அணி விக்கியிலும் ஒன்றுபோல இருக்கட்டும். பதக்க விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பழைய அணிகளின் விக்கியைப் பார்த்து "கூட்டு வேலைக்குத் தனிப் புள்ளி" என்று முடிவு செய்யாமல் இந்த ஆண்டு நடுவர் கையேட்டைப் படியுங்கள்.

பாசிக்கயிறு:

200 படிவத்தை முதலில் விடுங்கள். திட்டத்தின் அடிப்படையையே கரையில் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. "கழிவு" என்று நீங்கள் சொல்வதைக் கரையில் யாரும் கழிவு என்று சொல்ல மாட்டார்கள். அறுந்து ஒதுங்கிய பாசியையும் அள்ளிக் காயவைத்து விற்பதுண்டு, நல்ல துண்டை மறுபடி நாற்றாகக் கட்டுவதுண்டு. உண்மையில் யாருக்கும் உதவாமல் கிடப்பது எவ்வளவு, எந்த மாதத்தில், மணலும் நைலான் நூலும் எவ்வளவு கலந்து? பச்சைப் பாசி காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். ஈரக் கிலோவா காய்ந்த கிலோவா என்று கேட்காமல் எழுதிய எண் உங்கள் மொத்தக் கணக்கையும் பத்து மடங்கு பிசகவைக்கும்.

இதற்குச் சுய உதவிக் குழு ஒன்றோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவது, நூறு படிவத்தை விடப் பயன் தரும். ஐந்தாறு பேர் போதும். நேரம் பார்த்துப் போங்கள். இயற்கைப் பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் கடலில் இருப்பார்கள். அந்த நாட்களில் பேச்சுக்கு அழைத்தால் ஒரு நாள் கூலி போகும். வேதாளை, மரைக்காயர்பட்டினத்தில் வெள்ளி நண்பகலும், பாம்பன், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலையும் வேண்டாம். விசைப்படகுக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் வசதி, கரையில் வலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாக் விரிகுடாப் பக்கம் வாடைக் (வடகிழக்குக்) காற்றில் மிதவை வேலை குறையும். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் (தென்மேற்குக்) காற்றில் குறையும்.

"மரபணு மாற்றத்தை ஆதரிக்கிறீர்களா, ஆம்/இல்லை" என்ற கேள்வி எதற்கும் உதவாது. வந்திருக்கும் பிள்ளைகள் மனம் கோணக்கூடாது என்று ஆம் என்பார்கள். "ஒதுங்கின பாசியை இப்ப என்ன செய்றீங்க?", "இதை ஒருத்தர் வாங்க வந்தா கிலோ என்ன விலைன்னா குடுப்பீங்க?", "இந்த மாதிரி வேலையில உங்களுக்கு எது பயம்?" இப்படிக் கேளுங்கள்.

பயம் என்ன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: "கடல்ல விட்டுருவீங்களா?" அது அறியாமையில் வரும் கேள்வி இல்லை. கப்பாஃபைகஸே இந்தக் கடலுக்கு வெளியிலிருந்து வந்தது. 1990-களில் மண்டபத்தில் சோதனையாக வளர்க்கப்பட்டு, 2000-க்குப் பிறகு வணிகமானது. 2008-ல் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பது அறிவியல் இதழிலேயே பதிவானது. அதனால் "பாதுகாப்பானது, கவலைப்படாதீங்க" என்று சொல்லி முடிக்காதீர்கள். செல்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வராது, வேலை முடிந்ததும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து அழிக்கப்படும், கரைக்கு வந்தால் பிரித்தெடுத்த என்சைம் மட்டுமே வரும், அதற்கும் தனி அனுமதி வேண்டும் என்று உள்ளபடி சொல்லுங்கள். அந்தக் கேள்வியால் திட்டத்தில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் விக்கியில் எழுதுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. "தீவுப் பக்கம் போவீங்களா" என்று படிவத்தில் கேட்பதோ, பாசி எடுக்கும் பெண்களை இடம் தெரியும்படி படமெடுத்து இணையத்தில் போடுவதோ அவர்களைத்தான் வழக்கில் மாட்டிவிடும். பெயர், கைபேசி எண், முகம் எதுவும் வேண்டாம்.

சட்டம்_முதலில்:

மேலே சொன்னதோடு மூன்று. மக்களிடம் கேட்டு எழுதும் எந்த ஆய்வுக்கும் கல்லூரி நெறிமுறைக் குழு ஒப்புதலை *முன்பே* வாங்குங்கள். கேட்ட பிறகு வாங்கும் ஒப்புதல் செல்லாது, ஐஜெமும் இதைக் கேட்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இரண்டாவது, மறுசேர்க்கை டிஎன்ஏ வேலை முழுக்க உங்கள் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் பார்வையில் இருக்க வேண்டும். வடிதாளில் வரும் பிளாஸ்மிடையும் அங்கே பதிவு செய்யுங்கள். மூன்றாவது, வெளிநாட்டு அணி ஏதாவது "உங்கள் கரைப் பாசியையும் அதிலிருந்து பிரித்த பாக்டீரியாவையும் அனுப்புங்கள்" என்று கேட்டால் உடனே சரி என்று சொல்ல வேண்டாம். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 அதற்குப் பொருந்தும். தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

நெய்தல்_மாணவி:

மிக்க நன்றி. ஈர எடை, காய்ந்த எடைப் பிரச்சினை எங்கள் கணக்கிலேயே இருக்கிறது, பிரித்து எழுதுகிறோம். செல்கள் ஆய்வகத்தை விட்டு வெளியே வரக்கூடாதென்றால் பள்ளியில் ஒளிரும் தட்டும் காட்ட முடியாதுதானே? அதற்குப் பதில் எதைக் காட்டலாம்? பாசியிலிருந்தே டிஎன்ஏ எடுத்துக் காட்டினால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்குமே?

கரும்பலகை:

தட்டு கட்டாயம் வேண்டாம். மாற்றிய உயிரியை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோவதை ஐஜெம் விதியே தடுக்கிறது. மூடியை டேப் போட்டு ஒட்டினாலும் அதேதான்.

பாசியில் டிஎன்ஏ எடுக்கும் யோசனையில் ஒரு சிக்கல் உண்டு. ஆல்கஹால் ஊற்றியதும் கொழகொழவென்று வெள்ளையாக நிறைய வரும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு கராஜீனன். கஞ்சிப் பாசியில் செய்தால் அகார். ஆல்கஹாலில் அவையும் திரியும். தவறான ஒன்றை டிஎன்ஏ என்று காட்டியதாகிவிடும். வாழைப்பழத்தில் செய்யுங்கள்: அரைப் பழம், 100 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். நுரை வராமல் மெதுவாகப் பிசைந்து, பத்து நிமிடம் வைத்து, துணியில் வடிகட்டி, சாற்றின் அளவுக்குச் சமமாகக் குளிர்ந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை டம்ளரின் ஓரமாக வழியவிடுங்கள். இரண்டு அடுக்கு சேரும் இடத்தில் நூல் நூலாக எழும். வேகமாக ஊற்றினால் அடுக்கு கலைந்து ஒன்றும் தெரியாது. இதிலும் பெக்டின் கொஞ்சம் சேர்ந்துதான் வரும், அதையும் சொல்லிவிடுங்கள். ஆல்கஹாலைக் குளிர்விக்க ஃப்ரிட்ஜ் தேட வேண்டாம். மீன் ஐஸை உடைத்து உப்பு தூவி அதில் பாட்டிலைப் புதைத்தால் அரை மணியில் போதும். அருகில் அடுப்போ மெழுகுவர்த்தியோ இருக்கக்கூடாது.

ஒளிர்வுக்கு: மஞ்சள் தூளை அதே ஆல்கஹாலில் கலக்கித் தெளியவிட்டு, 395 நானோமீட்டர் டார்ச் அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். இது புரதம் இல்லை, குர்குமின் என்று முதலிலேயே சொல்லுங்கள். பிறகு பச்சை ஒளிர்வுப் புரதம் பசிபிக் கடல் சொறி (ஜெல்லி மீன்) ஒன்றிலிருந்து 1962-ல் பிரிக்கப்பட்டது, 2008-ல் அதற்கு வேதியியல் நோபல் கிடைத்தது என்று சேருங்கள். சொறி பட்டு அரிப்பெடுத்த அனுபவம் உள்ள பிள்ளைகள், அதன் மரபணு ஆய்வகத்தில் எதற்கு என்று தாங்களாகவே கேட்பார்கள்.

மரபணுப் பாகங்களைப் புரியவைக்க நான்கு நிற அட்டை, ஒரு கயிறு, துணி மாட்டும் கிளிப் போதும்: புரமோட்டர், ரைபோசோம் (புரதம் செய்யும் பகுதி) சேரும் இடம், மரபணு, டெர்மினேட்டர் (படிப்பது நிற்கும் இடம்). மிதவைக் கயிற்றில் நாற்றை இடைவெளி பார்த்துக் கட்டுவது போல வரிசையாக மாட்டச் சொல்லுங்கள். ஒரு குழுவிடம் வேண்டுமென்றே டெர்மினேட்டரை முன்னால் கொடுங்கள். ஏன் வேலை செய்யாது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். 40 பேர் வகுப்பென்றால் ஐந்து பேருக்கு ஒரு கயிறு.

பாடப் பொருளை இரு அணியும் சேர்ந்து செய்தால் அதுவும் கூட்டு வேலைதான். நீங்கள் தமிழில் எழுதி இங்கே ஒரு பள்ளியில் சோதித்து, அவர்கள் தங்கள் மொழியில் அதே பாடத்தை நடத்தி, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

பாசிக்கயிறு:

பாம்பனில் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது, மீனவர்களுக்கானது. அங்கே பேச நினைத்தால் குழுவோடு பேசிய *பிறகு* போங்கள். முதலில் வானொலியில் அறிவித்துவிட்டுக் கரைக்குப் போனால் "பாசி வாங்க வர்றாங்க" என்று செய்தி பரவி, எல்லாரும் விலை கேட்பார்கள். நிகழ்ச்சியில் கேள்விகளைப் பாசி வளர்ப்பவர்களே கேட்கட்டும், நீங்கள் பதில் மட்டும் சொல்லுங்கள்.

குடுவை_கணக்கு:

ஒன்று விட்டுப்போனது. கப்பாஃபைகஸில் இயற்கையாகவே பொட்டாசியம் நிறைய. ஆய்வகத்தில் சுத்தமான கராஜீனனில் வேலை செய்த என்சைம், கரைப் பாசியை அரைத்த கூழில் திணறலாம், கூழ் ஆறும்போது உறைந்துவிடும். ஆகவே குழுவிடம் மாதிரி வாங்கும்போது காய்ந்த பாசி ஒரு கிலோ விலை கொடுத்து வாங்கி, பாதியை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசியும் பாதியை அலசாமலும் இரு ஆய்வகத்திலும் ஓட்டிப் பாருங்கள். விக்கி மூடும் தேதிக்கு ஆறு வாரம் முன்னால் தொடங்கினால்தான் திரும்பச் செய்ய நேரம் இருக்கும்.