மூளைக்காய்ச்சல் ஆய்வுக்கு ஆட்டின் இரத்தம் எதற்கு?

கேள்வி – மேலூர்க்காரன்

மேலூருக்குக் கிழக்கே, பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர் எங்களுடையது. அண்மையில் ஓர் ஆய்வுக் குழுவினர் வந்து, பொழுது சாயும் நேரத்தில் மாட்டுத் தொழுவத்தில் கொசு பிடித்தார்கள். மூளைக்காய்ச்சல் பற்றிய ஆய்வு என்று சொல்லி, எங்கள் ஆட்டுக்குட்டிகளிடம் மாதந்தோறும் சிறிது இரத்தம் எடுக்க அனுமதியும் கேட்டிருக்கிறார்கள். நோயில்லாத ஆட்டை எதற்குக் குத்துகிறார்கள், ஆட்டிலிருந்துதான் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறதோ என்று என் தாயார் அஞ்சுகிறார். பக்கத்து வீட்டார் ஆடுகளை விற்றுவிடலாமா என்றே பேசுகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற களப்பணியாளர்

ஆடுகளை விற்க வேண்டியதில்லை, ஐயா. ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் வைரஸ் கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும்தான் பெருகுகிறது. அவற்றைக் கடித்த கியூலெக்ஸ் கொசு பிறகு மனிதரைக் கடிக்கும்போது நோய் தொற்றுகிறது. ஆடு, மாடு, மனிதர் ஆகியோரின் இரத்தத்தில் அந்த வைரஸ் அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை.

பிறகு ஆடு எதற்கு என்றால், வைரஸ் ஊரில் நடமாடுகிறதா என்பதை மனிதரைக் கொண்டு அறிவது கடினம். தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. அப்படி ஆனவர்களிலோ 100க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். ஒரு பிள்ளை படுக்கையில் விழுந்த பிறகு தெரிந்து என்ன பயன்? ஆட்டுக்குட்டிக்கு நோய் வராது, ஆனால் வைரஸ் ஏறினால் அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தோன்றிவிடும். சென்ற மாதம் இல்லாத எதிர்ப்பொருள் இந்த மாதம் இருந்தால், இடையில் வைரஸ் வந்திருக்கிறது என்று பொருள். மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் கடலூர் மாவட்டக் கிராமங்களில் இப்படித்தான் ஆடுகளையும் கொசுக்களையும் சேர்த்தே கண்காணித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

தொழுவத்தில் கொசு பிடித்ததற்கும் காரணம் உண்டு. வயலில் பிறக்கும் இந்தக் கொசு மனிதரைவிட மாட்டையே அதிகம் நாடும். டார்ச் வெளிச்சத்தில் மாட்டின் விலாவைப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் சிறு கொசுக்கள் அமர்ந்திருக்கும். அவற்றின் உறிஞ்சுகுழலின் நடுவே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். கண்ணாடிக் குழாயை அருகே வைத்து, ரப்பர்க் குழாய் வழியே வாயால் இழுத்துப் பிடிப்போம். இடையில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் போகாது. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்!

நடவுக்குப் பிந்தைய சில வாரங்களில்தான் வயலில் கொசுப்புழு மிகுதி. தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் முறையில் விட்டு, வேப்பம்பிண்ணாக்கு பூசிய யூரியாவும் இட்டால் புழுக்கள் குறைவதை அதே மையத்தார் 1990களில் காட்டினார்கள்.

மறுமொழி – வாடிப்பட்டி விவசாயி

ஐயா சொல்வது ஆய்வு வயலுக்குப் பொருந்தும். வயலைக் காயவிட்டால் அடுத்த தண்ணீர் உரிய நாளில் வரும் என்ற உறுதி தலைமடைக்காரருக்கு இருக்கலாம். கடைமடையில் இருப்பவர், முறை வரும்போது கிடைத்த தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் பார்ப்பார். பக்கத்து வயலில் தண்ணீர் நிற்கையில் நான் ஒருவன் காயவிட்டு ஊரில் கொசு குறையப் போவதுமில்லை. 2015 முதல் எல்லா யூரியாவும் வேம்பு கலந்துதானே வருகிறது, அது போதாதா?

மறுமொழி – ஓய்வுபெற்ற களப்பணியாளர்

போதாது. அது தழைச்சத்து மெதுவாகக் கரைவதற்காகப் பூசப்படும் மெல்லிய வேப்பெண்ணெய்ப் பூச்சு. கொசுப்புழுவுக்கு அதை நம்பக் கூடாது. தண்ணீரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஒரு மடையில் உள்ள எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் பலன் இருக்கும்.

மறுமொழி – கிராம சுகாதார செவிலியர்

இந்த வைரஸைக் கொல்லும் தனி மருந்து எதுவும் இல்லை, தடுப்பூசி உண்டு. நோய் காணப்படும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்ததும் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொரு தவணையும் அரசு இலவசமாகப் போடுகிறது. உங்கள் ஊர்க் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலோடு வலிப்போ நினைவுத் தடுமாற்றமோ கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டு இரத்தத்துக்கு இசைவு தரும்போது, முடிவை ஊருக்கும் எங்கள் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்று குழுவினரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.