வாஷிங்டனில் பாய்மரப் படகிலிருந்து ஆத்தாவை இறக்க வழி சொல்லுங்கள்

வணக்கம், ஊர் கானாடுகாத்தான். 71 வயது ஆத்தாவை அமெரிக்காவிலுள்ள அண்ணனின் 32 அடி பாய்மரப் படகில், பொட்டோமாக் ஆறு வழியாக வாஷிங்டனுக்குக் கூட்டிப்போகிறோம். ஏப்ரல் முதல் வாரம், செர்ரி பூக்கும் சமயம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது. 1922-இல் திறந்த லிங்கன் நினைவகத்தைப் பார்க்க ஆத்தாவுக்குக் கொள்ளை ஆசை.

அங்குள்ள வாஷிங்டன் சேனல் என்ற நீர்வழியில் நங்கூரமிட்டு, ரப்பர் படகில் கரையேற வேண்டும். அங்கேதான் சிக்கல். இரண்டு முழங்காலும் தேய்மானம். ஊரணிப் படியில் பத்து நாள் பழக்கினேன். நாலாவது படியில் வலது கால் பூட்டிக்கொள்கிறது, என் தோளை இறுகப் பிடித்து அப்படியே நின்றுவிடுகிறார். முற்றத்தில் நூலேணி கட்டிப் பார்த்தோம், கால் எட்டவில்லை. படகுத்துறையில் கேட்டோம், அந்த வாரம் இடமில்லை.

மூன்றடி உயரத் தளத்திலிருந்து, கால் மடக்க முடியாதவரை ரப்பர் படகில் பத்திரமாக இறக்க எந்த முறை சரிவரும்?