கராஜ் சுவருக்கும் சீலிங்குக்கும் என்ன அடிக்கலாம்? (கொழும்பு வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்)

பழைய கராஜ்:
காரை விற்று இரண்டு வருடமாகிறது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் வீடு. தண்டவாளத்தைத் தாண்டினால் கடல். கராஜ் 18 அடி நீளம், 10 அடி அகலம். மூன்று பக்கமும் சீமெந்துக்கல், முன்னால் ரோலர் ஷட்டர், மேலே முப்பது வருடத்து அஸ்பெஸ்டஸ் சீற். ஓய்வு பெற்ற பிறகு அதைத் தச்சுப் பட்டறையாக்கிக்கொண்டேன். பேரனுக்குத் தள்ளுவண்டி, அயலவர்களின் கால் உடைந்த கதிரைகள், அவ்வளவுதான் தொழில்.

போன வருடம் பின்சுவர் முழுக்க, காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்ட் அடித்தேன். அடித்த அன்று கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் கீழே ஓரடி உயரத்துக்குக் காகிதம் உப்பி, கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. விரலால் அழுத்தினால் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டைப் போல உள்ளே போகிறது. அதில் மாட்டியிருந்த உளித் தட்டும் ஒருநாள் ஆணியோடு கழன்று விழுந்தது. நல்லவேளை, நான் அப்போது அங்கே இல்லை.

இப்போது மற்ற இரண்டு சுவருக்கும் சீலிங்குக்கும் என்ன போடலாம்? மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாத வெக்கை. பிவிசி சீலிங் மலிவு என்று சீலிங் வேலை செய்யும் ஒரு பாஸ் சொல்கிறார். அதற்கு முன் அஸ்பெஸ்டஸின் அடிப்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் உரசி, வெள்ளை அடிக்கலாம் என்று நினைக்கிறேன். மூலையில் இரும்பு தீட்டும் சின்ன கிறைண்டர் ஒன்றும் இருக்கிறது. மனைவியின் முறைப்பாடு சத்தம் பற்றியது. அதற்கும் வழி சொன்னால் புண்ணியம்.

கொட்டாஞ்சேனை மேசன்:
ஐயா, மற்றதெல்லாம் பிறகு. அந்தக் கம்பி பிரஷ்ஷை முதலில் கீழே வையுங்கள். பழைய அஸ்பெஸ்டஸை உலர்ந்தபடி உரசினால் நார் தூசாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நுரையீரலுக்குள் போய் இருந்துவிடும். உரசவும் வேண்டாம், துளை போடவும் வேண்டாம், விளக்குமாற்றால் தட்டவும் வேண்டாம். உடையாத சீற் என்றால் அப்படியே விட்டு, கீழே சீலிங் போட்டு மறையுங்கள். தொங்கவிடும் கம்பியை மரச்சட்டத்தில் மட்டும் பிடியுங்கள், சீற்றில் அல்ல.

ஜிப்சத்தின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. கீழேயிருந்து ஈரம் ஏறுகிற சுவரில், நிலத்தைத் தொடுகிற மாதிரி அடித்தால் அதன் காகிதம் திரி போல ஈரத்தை இழுக்கும். ஈரம் தாங்கும் என்று விற்கிற பச்சை நிற ஜிப்சம் போர்டும் காற்றிலுள்ள ஈரத்தைத்தான் ஓரளவு தாங்கும், சுவரில் ஊறுகிற தண்ணீரை அல்ல.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை வெறும் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றிலிருந்து வருகிறது.

மொறட்டுவையில் வேலை:
அண்ணை, சாமான் மாட்டுகிற சுவருக்கு 12 மில்லிமீற்றர் ப்ளைவூட்தான். எங்கே வேண்டுமானாலும் ஸ்குரூ ஏற்றலாம். தண்ணீர் தாங்கும் பசை போட்டது என்று கேட்டு வாங்குங்கள். மெசஞ்சர் வீதிப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினால் தரமும் விலையும் பிடிபடும். ஆனால் சுவர் முழுக்க அடிக்காதீர்கள். நான் அடித்து அனுபவப்பட்டேன்: பின்னால் கறையான் புற்றுக் கட்டி மேலே ஏறியதே, ஒரு மூலைப் பலகை கையோடு வந்தபோதுதான் தெரிந்தது. நிலத்திலிருந்து மூன்று அடி வெறும் சுவராக இருக்கட்டும். ஈரமும் அங்கேதான், கறையானின் மண் கோடும் அங்கேதான் கண்ணில் படும்.

சுவருக்கும் பலகைக்கும் நடுவே முக்கால் அங்குலச் சிலாகை (ஒடுங்கிய மரச்சட்டம்) வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். சிலாகைக்குக் கறையான் மருந்து பூசுங்கள். பலகையின் முதுகுக்கும் வெட்டு விளிம்புக்கும், சுவரில் பொருத்த முன்பே பெயின்ற் அடியுங்கள், முகத்துக்கு மட்டும் அடித்தால் வளையும். கறுப்பு ஜிப்சம் ஸ்குரூவைப் பாவிக்க வேண்டாம், உங்கள் கடற்காற்றில் சீக்கிரம் துரு வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்ரீல் விலைதான், ஆனாலும் அதுதான்.

கிறைண்டர் மூலையில் ப்ளைவூட் வேண்டாம், சிமெந்து போர்ட் போடுங்கள். பொறியும் மரத்தூளும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

தெஹிவளை அக்கா:
நான் கராஜில் தையல் இயந்திரம் நாலு வைத்திருக்கிறேன், எனக்கும் அதே அஸ்பெஸ்டஸ் வெக்கை. பிவிசி போட்டேன், இரண்டாவது சித்திரையிலேயே நடுவில் தொய்ந்துவிட்டது. தீப்பிடித்தால் அதன் புகையும் நஞ்சு, கிறைண்டர் உள்ள இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது அலுமினியச் சட்டத்தில் 2 அடிக்கு 2 அடி சீற் போட்டிருக்கிறேன். அஸ்பெஸ்டஸ் கலக்காத சிமெந்து நார் சீற் என்று கேட்டு வாங்கினேன். மழை ஒழுகினால் ஒரு சீற்றைத் தூக்கி மேலே எட்டிப் பார்க்கலாம். வெக்கைக்கு மினுங்கும் தாள் கூரைக்குக் கீழே, அதைத் தொடாமல், மினுங்கும் முகம் கீழே பார்க்க. இரண்டு பக்கமும் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டினால் காசு வீண். இரு முனையிலும் வலை அடித்த காற்றுத் துவாரம் விடுங்கள். வலையை மறந்தால் எலிக்குத்தான் புது வீடு.

சத்தம் உங்கள் சுவரால் போவதில்லை அண்ணா. ஷட்டராலும் கூரையாலும் போகிறது. ஷட்டரின் அடியிலும் ஓரத்திலும் றப்பர் பட்டி ஒட்டுங்கள். மிச்சத்துக்கு அண்ணியோடு ஒரு நேர அட்டவணை போடுங்கள்.

பழைய கராஜ்:
பொலித்தீன் ஒட்டி இன்று காலை பார்த்தேன். சுவர்ப் பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. ஆக மூன்று அடி வெறும் சுவர், அதற்கு மேல் ப்ளைவூட். பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டேன். பிவிசி பாஸிடமும் சொல்லியாயிற்று, முகம் கொஞ்சம் கோணியது.

ஒரு கேள்வி மிச்சம்: அந்தக் கீழ் மூன்று அடிக்கு ஈரம் தடுக்கும் பெயின்ற் அடிக்கலாமா?

கொட்டாஞ்சேனை மேசன்:
உள்ளே இருந்து அடைத்தால் கொப்புளம் போட்டு உரியும், ஈரமும் இன்னும் மேலே ஏறும். வெறும் சுண்ணாம்பு அடியுங்கள், சுவர் மூச்சு விடட்டும். வெளியே கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா என்று பாருங்கள், பீலி இல்லாவிட்டால் முதலில் பீலி.

பழைய கராஜ்:
பீலி இருக்கிறது. உள்ளே ஒரு முருங்கைக் கன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏணி வைக்கிறேன்.